படிப்பும் கணக்கும்: பிலடெல்பியாவில் ஓர் அச்சகம், 1728–1748

1728-ல் பிலடெல்பியாவில் மூன்றாவதாக ஓர் அச்சகம் திறந்தது. ஏற்கெனவே இருந்த இரண்டுக்கே ஊரில் வேலை போதவில்லை. வியாபாரிகள் இரவில் கூடும் மன்றத்தில் இந்தப் புதுக் கடையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, தேறாது என்பதே பெரும்பாலோர் கருத்து. சாமுவேல் மிக்கிள் என்ற முதியவர் கடைவாசலுக்கே வந்தார். ஊர் மூழ்கிக்கொண்டிருக்கிறது, பாதிப் பேர் திவாலாகிவிட்டார்கள், இந்த நேரத்தில் போய் இதில் பணத்தைப் போட்டுவிட்டாயே என்று அனுதாபப்பட்டுவிட்டுப் போனார். கடைக்காரருக்கு வயது 22. இயந்திரமும் அச்செழுத்துகளும் கூட்டாளியின் அப்பா தருவதாகச் சொன்ன பணத்தை நம்பி வாங்கியவை. அதில் பாதிதான் கைக்கு வந்தது. கூட்டாளி ஹ்யூ மெரிடித்துக்கு அச்சுக் கோக்கத் தெரியாது, இயந்திர வேலையும் சுமார்தான்; போதாக்குறைக்குக் குடி. வாடகை ஆண்டுக்கு 24 பவுண்டு. அதைச் சமாளிக்க இன்னொரு குடும்பத்தையும் அதே வீட்டில் குடிவைத்துக்கொண்டார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து, 42 வயதில், அந்தக் கடைக்காரர் அன்றாட வேலையிலிருந்து விலகிக்கொண்டார். கடையின் வருமானம் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அவர் பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னல், பட்டம், நூறு டாலர் நோட்டு என்று நமக்குத் தெரிந்த பிராங்க்ளின் அதற்குப் பிறகு வருகிறவர். இங்கே பார்க்கப்போவது கடையை மட்டும்.

பிராங்க்ளின் தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் படிப்புக்கென்று ஒதுக்கியவர். தன் முன்னேற்றத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். தினமும் படித்தால் பணக்காரர் ஆகலாம் என்று சொல்கிற கூட்டம் இதைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை விடவில்லை. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. ஆனால் கடைக்கு வந்த நெருக்கடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தப்பிக்கும் வழி எங்கிருந்து வந்தது என்று தேடினால், படித்தது ஏதோ ஒன்று அங்கே நிற்கத்தான் செய்கிறது. அதோடு ஒவ்வொரு முறையும் இன்னொன்றும் நிற்கிறது: கணக்கு.

சான்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தகவல்களில் பெரும்பாலானவை 1771-ல், 65 வயதில், அவர் எழுதத் தொடங்கிய தன்வரலாற்றிலிருந்து வருபவை. வென்றவர் தன் வெற்றியைத் தானே சொல்லும் கதை அது. கடையில் அச்சான செய்தித்தாள்களும் பஞ்சாங்கங்களும் பண நோட்டுகளும் இன்றும் இருப்பதால் ஓரளவுக்கு உரைத்துப் பார்க்க முடிகிறது.

கடைக்கு முன்பே சேர்ந்த முதல்

பாஸ்டனில் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்ற ஒருவருக்குப் பதினேழு பிள்ளைகள். அவர்களில் கடைசி மகன் பெஞ்சமின். பள்ளிக்கூடம் போனது இரண்டே ஆண்டு. 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். புத்தகக் கடைகளில் வேலை பார்த்த பையன்களின் தயவில் சாயங்காலம் ஒரு புத்தகத்தை இரவல் வாங்கி, இரவெல்லாம் படித்து, காலையில் கடை திறப்பதற்குள் அழுக்காகாமல் திருப்பிக் கொடுப்பார்.

பதினாறு வயதில் இறைச்சியை விட்டார். சைவ உணவைப் பற்றிய ஒரு நூலைப் படித்ததுதான் காரணம் என்றாலும், பையன் அதில் ஒரு கணக்கும் போட்டார். சாப்பாட்டுக்கு ஆகும் செலவில் பாதியைக் காசாகக் கொடுத்தால் என் சாப்பாட்டை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணனுக்கும் அது லாபம். வாங்கிய காசிலும் பாதி மிஞ்சியது, அது புத்தகத்துக்குப் போனது. மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் அச்சகத்தில் தனியாக உட்கார்ந்து, ஒரு துண்டு ரொட்டி, ஒரு கை உலர்திராட்சை, ஒரு குவளைத் தண்ணீரோடு முடித்துக்கொண்டு மீதி நேரம் படிக்கலாம். காசும் மிச்சம், நேரமும் மிச்சம்.

அந்த நேரத்தில் அவர் செய்த பயிற்சி ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் கடையைக் காப்பாற்றியதில் அதற்கும் பங்கு உண்டு. லண்டனில் வெளிவந்த 'ஸ்பெக்டேட்டர்' என்ற கட்டுரை இதழின் ஒரு தொகுதி அவர் கையில் கிடைத்தது. பிடித்த கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் இரண்டொரு சொல்லில் குறித்துக்கொள்வார். சில நாள் அப்படியே போட்டுவிட்டு, மூலத்தைப் பார்க்காமல் அந்தக் குறிப்புகளை வைத்துக் கட்டுரையைத் தன் நடையில் திரும்ப எழுதுவார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தப்பைத் திருத்துவார். சொல்வளம் போதவில்லை என்று பட்டதும் கட்டுரையைச் செய்யுளாக மாற்றி, மறந்துபோன பிறகு மறுபடி உரைநடை ஆக்கினார். குறிப்புகளைக் குலுக்கிக் கலைத்துவிட்டுச் சரியான வரிசைக்குக் கொண்டுவரவும் பழகினார். வேலைக்கு முன்பு விடியலிலும் வேலை முடிந்த இரவிலும், தேவாலயத்துக்குப் போகாமல் தப்பித்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் இது நடந்தது. எவ்வளவு படித்தார் என்பதை விட, படித்ததைக் கையால் பிரித்துப் போட்டு மறுபடி கோத்தார் என்பதுதான் முக்கியம். அச்சுக்கோப்பவருக்கு அந்த வேலை புதிதில்லை.

17 வயதில் அண்ணனிடமிருந்து ஓடி பிலடெல்பியா வந்தார். 1724-ன் கடைசியில் லண்டன் போனார். உதவுவதாக வாக்குக் கொடுத்த ஆளுநர் கைவிட்டதால் அங்கே அச்சகக் கூலியாகக் காலம் தள்ளினார். குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் பழைய புத்தகக் கடை. வாடகை நூலகம் என்பதே இல்லாத காலம் அது. கடைக்காரரிடம் ஒரு தொகை பேசிக்கொண்டு, புத்தகங்களை எடுத்துப் படித்துத் திருப்பித் தந்தார். 1726-ல் ஊர் திரும்பினார்.

படித்தவர் தோற்ற கதை

பிலடெல்பியாவில் அப்போது இருந்த இரண்டு அச்சகக்காரர்கள் ஆண்ட்ரூ பிராட்ஃபோர்டும் சாமுவேல் கீமரும். பிராட்ஃபோர்டுக்குத் தொழிலில் தேர்ச்சி போதாது, படிப்பும் இல்லை. கையில் பணமும் அஞ்சலதிகாரி பதவியும் இருந்தன. கீமர் வேறு மாதிரி. ஓரளவு படித்தவர், கவிதை எழுதுபவர். எழுதுபவர் என்றுகூடச் சொல்ல முடியாது: காகிதமே இல்லாமல் தலையிலிருந்து நேரே அச்செழுத்தில் கோப்பார். பிராங்க்ளின் முதலில் வேலை பார்த்தது இவரிடம்தான்.

படிப்புதான் கடையைத் தூக்கிவிட்டது என்றால் கீமரும் பிழைத்திருக்க வேண்டும். என்ன நடந்தது? பிராங்க்ளின் ஒரு செய்தித்தாள் தொடங்கத் திட்டமிட்டிருந்தார். அது வெளியே கசிந்து கீமர் முந்திக்கொண்டார். 1728 டிசம்பரில் வந்த அந்தத் தாளில் அவர் ஒரு கலைக்களஞ்சியத்தை அகரவரிசைப்படி, முதல் எழுத்திலிருந்து, வாராவாரம் மறுபதிப்புப் போட ஆரம்பித்தார். அறிவு பெருகட்டும் என்ற எண்ணம். சரக்கு ஏற்றிய கப்பல் எப்போது வரும் என்று பார்க்க வாங்கியவருக்கு அகராதி கிடைத்தது. கருச்சிதைவு பற்றிய பதிவு அகரவரிசையில் முன்னாலேயே வந்துவிட, பிராங்க்ளின் பெண் பெயர்களில் கோபக் கடிதங்கள் எழுதி, பிராட்ஃபோர்டு நடத்திய போட்டித் தாளில் வெளியிட்டுக் கீமரைக் கேலிப்பொருளாக்கினார். அதோடு விடாமல் அதே தாளில் ஒரு கட்டுரைத் தொடரும் எழுதி வாசகரை அந்தப் பக்கம் இழுத்தார். நடை, நையாண்டி, புனைபெயர் எல்லாம் அந்த லண்டன் இதழிடம் கற்றவை. பத்து ஆண்டுக்கு முன் ஒரு லாபமும் இல்லாமல் செய்த பயிற்சி இங்கே வேலைக்கு வந்தது.

(இந்த இடத்தில் பிராங்க்ளின் நல்லவராகத் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.)

முக்கால் ஆண்டு ஓடிய கீமரின் தாளுக்குச் சந்தாதாரர் அதிகபட்சம் தொண்ணூறு பேர். 1729 அக்டோபரில் அதை பிராங்க்ளினும் மெரிடித்தும் சொற்ப விலைக்கு வாங்கி, பெயரைப் 'பென்சில்வேனியா கெஜட்' என்று சுருக்கி, கலைக்களஞ்சியத்தை நிறுத்தினார்கள். கீமர் கடனில் மூழ்கி, கடையை விற்றுவிட்டு பார்படோஸுக்குப் போய்விட்டார்.

கடன்காரன் வழக்குப் போட்டபோது

செய்தித்தாள் கைக்கு வந்த அதே சமயத்தில் கடை கைவிட்டுப் போகும் நிலை. இயந்திரத்துக்கும் எழுத்துக்கும் ஆன 200 பவுண்டில் மெரிடித்தின் அப்பா நூறுதான் கட்டியிருந்தார். மீதி நூறு வராததால் சரக்குக் கொடுத்த வணிகர், பிராங்க்ளின், மெரிடித், அவர் அப்பா ஆகிய மூவர் மீதும் வழக்குப் போட்டார். தீர்ப்பு வந்தால் இயந்திரம் பாதி விலைக்கு ஏலம் போகும்.

அப்போது இரண்டு நண்பர்கள், வில்லியம் கோல்மேனும் ராபர்ட் கிரேஸும், ஒருவருக்கொருவர் தெரியாமல், கேட்காமலே வந்து பணம் தருவதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, மெரிடித் விலக வேண்டும். அவர் குடித்துவிட்டுத் தெருவில் திரிவதைப் பார்த்திருக்கிறார்கள். பிராங்க்ளின் தானாக அவரைத் தள்ளவில்லை, பேசிப் பார்த்தார். மெரிடித்துக்கே தொழில் அலுத்திருந்தது. அப்பா போட்ட நூறு பவுண்டு, தன் சில்லறைக் கடன், கையில் முப்பது பவுண்டு, ஒரு புதுச் சேணம். இவ்வளவு கிடைத்தால் போதும் என்று வட கரோலினாவுக்கு விவசாயம் பார்க்கப் போய்விட்டார். பிராங்க்ளின் இரு நண்பரிடமும் பாதிப் பாதி வாங்கிக்கொண்டார். 1730-ல் கடை அவர் ஒருவர் பெயரில் ஆனது.

வங்கியே இல்லாத ஊரில் ஈடில்லாமல் கடன் கொடுத்த இந்த இருவர் யார்? இருவருமே 'ஜண்டோ' என்ற வாசிப்பு வட்டத்துக்காரர்கள். 1727-ல் பிராங்க்ளின் தொடங்கிய இந்தப் பன்னிரண்டு பேர் வட்டத்தில் கண்ணாடிப் பொருத்துபவர், நில அளவையர், செருப்புத் தொழில் பழகியவர், தச்சர், பத்திரம் எழுதுபவர், வணிகரின் குமாஸ்தா என்று பெரும்பாலும் கைத்தொழில்காரர்கள். வெள்ளிக்கிழமை இரவு கூடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை எழுதி வாசிக்க வேண்டும். கூட்டத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்விகளின் பட்டியல் இன்றும் இருக்கிறது. கடைசியாகப் படித்த நூலில் இங்கே சொல்லத் தகுந்தது எதையாவது கண்டாயா என்பது முதல் கேள்வி. மூன்றாவது, நமக்குத் தெரிந்து யாராவது சமீபத்தில் தொழிலில் நொடித்தார்களா, காரணம் என்னவென்று கேள்விப்பட்டாய்? அடுத்தது, யாராவது நன்றாகச் செழித்தார்களா, எப்படி? கேள்விக்குக் கேள்வி ஒரு கோப்பை ஒயின் ஊற்றிக் குடிக்கும் அளவுக்கு இடைவெளி.

என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் மையம் இந்தப் பட்டியல்தான். புத்தகமும் ஊரின் வரவுசெலவும் ஒரே மேஜையில் கிடந்தன. வாராவாரம் இப்படிப் பேசிப் பார்த்தவர்களுக்கு யார் கணக்குத் தெரிந்தவன், யார் உழைப்பவன், யாருக்குக் கொடுத்தால் பணம் திரும்பும் என்பது தெரியும். தனியாக அறையில் உட்கார்ந்து படித்திருந்தால் பிராங்க்ளினுக்கு அறிவு வந்திருக்கும், அந்த நூறு பவுண்டு வந்திருக்காது.

கடை திறந்த புதிதில் முதல் பெரிய வேலை வந்ததும் இதே வட்டம் வழியாகத்தான். பத்திரம் எழுதும் ஜோசப் பிரைன்ட்னல், குவேக்கர் சமயத்தாரின் வரலாற்று நூலில் நாற்பது தாள் அச்சு வேலையை வாங்கிக் கொடுத்தார். பிராங்க்ளின் ஒரு நாளைக்கு ஒரு தாள் வீதம் கோத்தார். ஓர் இரவு வேலை முடித்து மூடும் நேரத்தில் ஒரு ஃபாரம் (கோத்த பக்கங்களை இறுக்கி வைக்கும் சட்டம்) உடைந்து இரண்டு பக்க எழுத்து கொட்டிக் கலைந்தது. எழுத்துகளை அவற்றுக்கான பெட்டியில் பிரித்துப் போட்டு, மறுபடி கோத்து முடித்த பிறகுதான் படுக்கப் போனார். ஊர் மன்றத்தில் எல்லோரும் தேறாது என்றபோது, பேர்ட் என்ற மருத்துவர் மட்டும் மறுத்தார்: நான் மன்றத்திலிருந்து வீட்டுக்குப் போகும்போதும் அவன் வேலை செய்கிறான், அக்கம்பக்கம் எழும் முன்பே மறுபடி தொடங்கிவிடுகிறான். அதைக் கேட்ட ஒருவர் எழுதுபொருள் சரக்கைக் கடனுக்குத் தர முன்வந்தார். வாங்கிய காகிதத்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருவழியே தானே தள்ளிக்கொண்டு போவதும் ஊர் கண்ணில் படத்தான் என்று பிராங்க்ளினே ஒளிக்காமல் சொல்கிறார். மீன் பிடிக்க, வேட்டைக்கு என்று போனதில்லை. எப்போதாவது ஒரு புத்தகம் வேலையிலிருந்து இழுத்துவிடும், ஆனால் அது வெளியே தெரியாது, பேரும் கெடாது என்று குறும்பாக எழுதுகிறார்.

பணமே இல்லாத ஊரில் பணம் அச்சடித்தவர்

மிக்கிள் பெரியவர் சொன்ன மந்தம் கற்பனை இல்லை. பிலடெல்பியா இருந்த பென்சில்வேனியா அப்போது பிரிட்டிஷ் காலனி. காலனியில் தங்கமும் வெள்ளியும் இங்கிலாந்துச் சரக்குக்கு விலையாகக் கப்பலேறிவிடும். உள்ளூர்க் கொடுக்கல் வாங்கலுக்கு நாணயம் கிடைக்காது. 1723-ல் பென்சில்வேனியா முதன்முதலாகக் காகித நோட்டு வெளியிட்டது. பிராங்க்ளின் முதன்முறை ஊருக்குள் நடந்தபோது வாடகைக்கு விடப்படும் என்ற அட்டை தொங்கிய வீடுகளையே அதிகம் பார்த்திருந்தார். நோட்டு வந்தபின் அந்த வீடுகளில் ஆள் குடியேறியதையும் பார்த்தார். 1729-ல் புழக்கத்தில் இருந்த 15,000 பவுண்டு நோட்டும் திரும்பப் பெறப்படவிருந்தது. இன்னும் அச்சிடுவதா கூடாதா என்று சண்டை. கடன் கொடுத்து வைத்திருந்த பணக்காரர்கள் கூடாது என்றார்கள். நோட்டின் மதிப்பு இறங்கினால் அவர்களுக்கு நட்டம்.

ஜண்டோவில் இதைப் பேசித் தீட்டியபின், 1729 ஏப்ரலில் பிராங்க்ளின் பெயர் போடாமல் ஒரு துண்டு நூல் வெளியிட்டார். பணம் அரிதானால் வட்டி ஏறும், நிலத்தின் விலை இறங்கும், கைத்தொழில்காரர் ஊரைவிட்டுப் போவார்கள் என்பது வாதம். பொருளின் மதிப்பை அதில் செலவான உழைப்பால் அளக்கலாம் என்று அதில் ஒரு பகுதி வருகிறது. அது 17-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பொருளியலாளர் வில்லியம் பெட்டியிடமிருந்து எடுத்தது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பிராங்க்ளின் பெயர் சொல்லவில்லை. 23 வயது அச்சகக்காரர் அதைப் படித்திருந்தார், ஊர்ப் பிரச்சினைக்குப் பொருத்தினார், சாதாரண வியாபாரிக்குப் புரியும்படி எழுதினார். எதிர்த் தரப்பில் பதில் எழுத ஆள் இல்லை. சட்டமன்றத்தில் நோட்டு நிறைவேறியது.

நோட்டுக்கு ஆதரவாக எழுதியவரே நோட்டு அடிக்கும் தொழில்காரர் என்பதை இன்று யாரும் சுட்டிக்காட்டாமல் விடமாட்டார்கள். சில காலத்தில் பென்சில்வேனியாவின் நோட்டு அச்சடிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அடுத்து நியூகாசில் பகுதியின் நோட்டும். அதற்கான கைத்திறனும் முன்பே சேர்ந்திருந்தது: கீமரிடம் இருந்தபோது நியூ ஜெர்சி நோட்டுக்காகச் செப்புத்தகடு அச்சு இயந்திரம் ஒன்றைத் தானே அமைத்திருந்தார். அமெரிக்காவில் எழுத்து வார்க்கும் பட்டறை இல்லாத அந்தக் காலத்தில், லண்டனில் அரைகுறையாகப் பார்த்திருந்ததை நினைவில் வைத்து அச்சு அமைத்துக் குறைந்த எழுத்துகளை வார்த்தவரும் அவரே. கள்ள நோட்டுத் தொல்லை வந்தபோது உண்மையான இலையின் நரம்புகளை உலோகத்தில் பதித்து நோட்டில் அச்சிட்டார். எந்தச் செதுக்குபவராலும் அப்படியே நகலெடுக்க முடியாது. இலைகளை மையில் தோய்த்துப் படி எடுக்கும் பழக்கம் வட்டத்து நண்பர் பிரைன்ட்னலுக்கு இருந்தது.

சட்டமன்றத்தின் அச்சு வேலையைப் பிராட்ஃபோர்டிடமிருந்து பறித்தவிதம் இன்னும் எளிது. ஆளுநருக்குச் சட்டமன்றம் அனுப்பிய மடலைப் பிராட்ஃபோர்டு பிழைமலிய அச்சிட்டிருந்தார். பிராங்க்ளின் அதையே பிழையில்லாமல், அழகாகத் தன் செலவில் அச்சிட்டு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு படி அனுப்பினார். அடுத்த ஆண்டு வேலை அவருக்கு.

மற்றபடி கடையை ஓட்டியது சில்லறை வேலைதான். நம் ஊரில் பில் புக்கும் கல்யாணப் பத்திரிகையும் அடித்துப் பிழைக்கும் அச்சகம் எப்படியோ அப்படித்தான்: பத்திரப் படிவம், ரசீது, ஒப்பந்தத் தாள். பிரைன்ட்னல் உதவியால் ஊரிலேயே பிழையில்லாத படிவங்கள் இந்தக் கடையில் கிடைத்தன. கூடவே காகிதம், மை, சிறு நூல்கள் விற்கும் கடை. 1730-ல் மனைவியான டெபோரா கடையைக் கவனித்தார், தாள்களை மடித்துத் தைத்தார், காகித ஆலைக்காக பழைய லினன் கந்தல்களை விலைக்கு வாங்கிச் சேர்த்தார். கணவரின் படிப்பு நேரத்தில் கடையில் நின்றது பெரும்பாலும் யார் என்று ஊகிப்பது கடினமில்லை.

நண்பகல் வரி

1731-ல் ஜண்டோ நண்பர்களோடு சந்தா நூலகம் ஒன்றைத் தொடங்கினார். நுழைவுக்கு நாற்பது ஷில்லிங், பிறகு ஆண்டுக்குப் பத்து. ஊரெல்லாம் அலைந்தும் ஐம்பது பேருக்கு மேல் சேரவில்லை. பெரும்பாலோர் இளம் தொழில்காரர்கள். தன் யோசனை என்று சொன்னால் ஆட்கள் தயங்குவதைக் கண்டு, படிப்பில் ஆர்வமுள்ள சில நண்பர்களின் திட்டம் என்று சொல்லத் தொடங்கியதும் வேலை நடந்தது. தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் என்ற பழக்கத்துக்கு அவர் நன்றி சொல்வது இந்த நூலகத்துக்குத்தான்.

அவருடைய நாள் அட்டவணை புகழ்பெற்றது. காலை ஐந்துக்கு எழுந்து ஏழு வரை அன்றைய வேலையைத் திட்டமிட்டு, கையிலெடுத்த படிப்பைத் தொடர்ந்து, காலை உணவு. எட்டிலிருந்து வேலை. நண்பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை: படிப்பது, அல்லது கணக்கைப் பார்ப்பது, சாப்பிடுவது. இந்த ஒரு வரியை யாரும் மேற்கோள் காட்டிப் பார்த்ததில்லை. ஐந்து மணிக்கு எழுவதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறார். படிப்பு கணக்கின் இடத்தைப் பிடுங்கலாம், கணக்கும் படிப்பின் இடத்தைப் பிடுங்கலாம்.

இது நாட்குறிப்பல்ல, திட்டம் மட்டும். ஒழுங்கு என்பதுதான் தனக்கு மிகவும் சிரமம் கொடுத்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கூலிக்குக் கோப்பவருக்கு இந்த அட்டவணை ஒத்துவரலாம், முதலாளிக்கு ஒத்துவராது. வாடிக்கையாளர் தனக்கு வசதியான நேரத்தில்தான் வருவார் என்கிறார். கடை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

பஞ்சாங்கம்

காலனியில் பைபிளுக்கு அடுத்து எல்லா வீட்டிலும் இருந்த அச்சுப் பொருள் பஞ்சாங்கம். ஆண்டுதோறும் உறுதியாக விற்கும் சரக்கு. பிராங்க்ளின் அச்சடித்துவந்த பஞ்சாங்கத்தைக் கணித்தவர் தாமஸ் காட்ஃப்ரே, முன்பு அதே வீட்டில் குடியிருந்தவர். அவர் பிணங்கிக்கொண்டு பிராட்ஃபோர்டிடம் போய்விட்டார். 1733-க்குக் கையில் பஞ்சாங்கம் இல்லை. 1732 டிசம்பரில் 'ஏழை ரிச்சர்டு' என்ற பெயரில் பிராங்க்ளின் தானே ஒன்றை எழுதி வெளியிட்டார்.

போட்டிப் பஞ்சாங்கக்காரர் டைட்டன் லீட்ஸ் இன்ன நாளில் இன்ன மணிக்கு இறந்துபோவார் என்று முதல் இதழிலேயே சோதிடம் சொன்னார். நாள் கடந்தும் உயிரோடிருந்த லீட்ஸ் கோபமாக மறுத்து எழுத, என் நண்பர் லீட்ஸ் இவ்வளவு நாகரிகமில்லாமல் எழுதமாட்டார், ஆகவே அவர் இறந்தது உறுதி என்று பதில் வந்தது. இந்த விளையாட்டை 1708-ல் லண்டனில் ஜொனாதன் ஸ்விஃப்ட் ஒரு சோதிடரிடம் ஆடியிருந்தார். பிராங்க்ளின் படித்திருந்தார், ஊர் மாற்றிப் போட்டார். நாள்களுக்கு இடையே மிஞ்சிய வெற்றிடத்தில் பழமொழிகளை நிரப்பினார். அவற்றில் பத்தில் ஒரு பங்குகூடத் தன் சொந்தமில்லை என்று பின்னால் அவரே சொன்னார். பழைய பழமொழித் தொகுப்புகளிலிருந்து எடுத்து, இழைத்துச் சுருக்கியவை. ஆண்டுக்குப் பத்தாயிரம் படி அளவுக்கு விற்றது.

சார்ல்ஸ்டன் கணக்கு

1731-ல் தன்னிடம் வேலை பார்த்த ஒருவரைத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்கு அனுப்பி அச்சகம் வைத்துக் கொடுத்தார். இயந்திரமும் எழுத்தும் பிராங்க்ளினுடையவை. செலவிலும் லாபத்திலும் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. போனவர் இரண்டே ஆண்டில் இறந்தார். அடுத்து லூயி திமோத்தே போனார். நூலகத்தின் முதல் நூலகர், பல மொழி தெரிந்தவர், நேர்மையானவர். கணக்கு மட்டும் தெரியாது. எப்போதாவது பணம் வரும், கணக்கு வராது. 1738 டிசம்பரில் அவரும் இறந்தார்.

கடையை அவர் மனைவி எலிசபெத் எடுத்துக்கொண்டார். ஹாலந்தில் வளர்ந்தவர், அங்கே பெண்பிள்ளைகளுக்குக் கணக்கெழுதச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். பழைய வரவுசெலவு முழுவதையும் தோண்டித் தெளிவாக்கி அனுப்பினார். அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கணக்கு வந்தது. பிள்ளைகளை வளர்த்து, செய்தித்தாளையும் நடத்தி, ஒப்பந்தம் முடிந்ததும் அச்சகத்தையே விலைக்கு வாங்கி மகனுக்குக் கொடுத்தார். அமெரிக்காவில் செய்தித்தாள் நடத்திய முதல் பெண்களில் ஒருவர். பெண்களுக்கு இசையும் நடனமும் சொல்லித்தருவதைவிடக் கணக்குச் சொல்லித்தருவது மேல் என்று பிராங்க்ளின் எழுதியது இவரை மனத்தில் வைத்துத்தான். பிராங்க்ளினைப் பற்றிப் பேசுகிற வணிகக் கட்டுரைகளில் இவர் பெயர் ஏன் வருவதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

பிராட்ஃபோர்டையும் கடைசியில் கவிழ்த்தது கணக்குதான். அஞ்சலதிகாரி என்ற முறையில் பிராங்க்ளினின் தாளைத் தூக்கக் கூடாது என்று அஞ்சல்காரர்களுக்கு அவர் தடை போட்டிருந்தார். பிராங்க்ளின் ரகசியமாகக் கையூட்டுக் கொடுத்துத்தான் அனுப்பி வந்தார். 1737-ல், அஞ்சல் கணக்கை ஒழுங்காகக் காட்டவில்லை என்று பிராட்ஃபோர்டின் பதவி பறிக்கப்பட்டு பிராங்க்ளினுக்கு வந்தது. சம்பளம் சொற்பம். ஆனால் செய்தி முதலில் வந்து சேரும் இடம் அதுதான். கெஜட்டின் விற்பனையும் விளம்பரமும் ஏறின.

கணக்கில் எழுத வேண்டிய மற்றவை

எல்லாம் தேறிவிடவில்லை. 1732-ல் ஜெர்மன் குடியேறிகளுக்காகத் தொடங்கிய செய்தித்தாள் சில இதழ்களோடு நின்றது. 1741-ல் தொடங்கிய மாத இதழ் ஆறு மாதம் தாங்கியது. கெஜட்டின் விளம்பர வருமானத்தில் அடிமைகளை விற்கும், தப்பியோடிய அடிமைகளைத் தேடும் விளம்பரங்களும் உண்டு. பிராங்க்ளினே அடிமைகளை வைத்திருந்தவர். 1787-ல் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார் என்பதால் அந்த வரவு இல்லாமல் போய்விடாது. இவ்வளவு படித்தவரை இந்த விஷயத்தில் படிப்பு வெகுகாலம் ஒன்றும் செய்யவில்லை.

கடைசி முடிவு 1748-ல். லண்டனிலிருந்து வரவழைத்து நான்கு ஆண்டு பழக்கிப் பார்த்த டேவிட் ஹால் என்ற அச்சுத் தொழிலாளியைப் பங்காளியாக்கினார். ஒப்பந்தம் பதினெட்டு ஆண்டுக்கு. நிர்வாகம் முழுக்க ஹாலுடையது, லாபத்தில் பிராங்க்ளினுக்குப் பங்கு. ஒப்பந்தம் 1766-ல் முடிந்தபோது பிராங்க்ளின் லண்டனில் இருந்தார். ஜேம்ஸ் பார்க்கர் என்ற இன்னொரு அச்சகக்காரர் இரு தரப்புக் கணக்கையும் உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்தார்.